கிருபையம்மாளின் பாடத்தில் குறைகள்

செய்தி வந்தபோது நான் ஆலங்காயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூரிலிருந்து தாமதமாக வந்த தோல் தரகர் ஒருவர் எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டே, "இன்னா மாஸ்டர், உங்க ஸ்கூல் டீச்சரம்மா போய்ட்டாங்களாமே, ஜுரத்துல? நேத்தே அடக்கம் பண்ட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டார். பந்தியில் பாதியில் எழுந்திருப்பது மரியாதையல்ல என்பதால் நானும் சாப்பிட்டு முடித்தேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்று வரை தெரியாது.

அவர் சொன்னது எங்கள் மிஷன் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் நடத்திவந்த கிருபையம்மாள் அவர்களைப் பற்றி. அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் படிக்கலாம்.

அவரை நான் முதலில் பார்த்தது வேலூரில், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில். எங்கள் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். ஜன்னலோரம் அவருக்கென்று தனியாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அவருடைய சிறு வயதிலேயே தாயார் காலமாகிவிட்டார். தகப்பனார் ஆம்பூரில் தோல் ஷாப்பில் தோலைச் சுரண்டிப் பதனிடும் வேலை செய்தவர். மிஷன் போர்டிங்கில் வளர்ந்த பெண். பயிற்சியில் தேறாவிட்டால் அதே போர்டிங் சமையற்கட்டில் கூடமாட வேலை செய்யத் திரும்ப வேண்டியதுதான் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பயிற்சிப் பள்ளிகளில் கிரிட்டிசிஸம் பாடம் என்று ஒன்று உண்டு. எங்களில் ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் போனபின் ஒவ்வொருவராக எழுந்து, நடத்தியவர் முகத்துக்கு நேரே அந்தக் குறைகளைச் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில்கூட ஒரு மணி நேரத்தில் அத்தனை குறை கேட்க முடியாது. ஆனால் தேறினவர்கள் எல்லோரும் அதில் வதைபட்டுத்தான் தேறினார்கள்.

கிருபையம்மாள் பாலாற்றைப் பற்றி நடத்தினார். முடிந்ததும் வாத்தியார் ஒவ்வொருவராகக் கேட்டார். முதல் ஆள் எழுந்து, "குறை ஒன்றுமில்லை சார்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசை முழுக்க அதே பதில். வெளிப்பார்வைக்கு அது பெண்பிள்ளைக்குக் காட்டும் மரியாதை. பாதி அப்படித்தான். மற்ற பாதி, குறை சொன்னால் அவரோடு பேச வேண்டிவரும். தோல் ஷாப்புக்காரர் பெண்ணோடு பேச அங்கே யாருக்கும் மனமில்லை. ஜன்னலோரம் நின்ற அவர் பென்சிலோடு காத்திருந்தார். காகிதத்தில் ஒரு எழுத்தும் விழவில்லை.

என் முறை வந்தது. நான் பெரிய சீர்திருத்தக்காரன் அல்ல. நாக்கில் காரம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். "கேள்வியும் அவங்களே கேக்கறாங்க, பதிலும் அவங்களே சொல்லிடறாங்க சார். அப்புறம் பிள்ளைங்க எதுக்கு?" என்றேன். பக்கத்திலிருந்தவர் என் காலை மிதித்தார்.

அன்று தாழ்வாரத்தில் கிருபையம்மாள் என்னை நிறுத்தினார். எங்களில் ஒருவரோடு அவர் பேசியது அதுவே முதல் தடவை.

"நெசமாவே அப்படிப் பண்றேனா சார்?"

"எல்லாக் கேள்விக்கும் பண்றீங்க."

"எனக்குத் தெரியவே இல்ல பாருங்க. நான் பேசினா யாரும் பதில் சொல்லி வழக்கமில்ல. அதான் நானே சொல்லிக்கிறேன் போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்க்கார் பரீட்சகர் முன் கிருபையம்மாள் பாடம் நடத்திய அன்று அவருக்குத் தேசப்படம் மாட்டும் வேலை எனக்கு. மாட்டிவிட்டுப் பின்னால் நின்றேன். "பாலாத்துல மேல வெறும் மணல்தான் இருக்கு. தோண்டினா மட்டும் தண்ணி எப்படி வருது?" என்று கேட்டார். கேட்டவுடன் அவர் உதடு அசைந்தது. போச்சு, சொல்லிவிடப்போகிறார் என்று நினைத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார். வகுப்பில் சத்தமே இல்லை. பரீட்சகர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.  கிருபையம்மாள் இன்னும் காத்திருந்தார். கடைசியில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "மேல இருக்கறத வெயில் குடிச்சிடும் டீச்சர். கீய எறங்கினது அங்கியே இருக்கும்" என்றாள். கிருபையம்மாளின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் கண்டதில்லை. அவர் தேறினார்.

சில வருஷங்கள் கழித்து நான் ஆம்பூர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது அவர் அங்கே இருந்தார். அங்கும் வாத்தியார்களில் அவர் ஒருவர்தான் பெண். ஆசிரியர்கள் எல்லோரும் "வணக்கம்மா" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் வருஷா வருஷம் என்னிடம் வருவார். "பின்பெஞ்சுல வந்து உக்காருங்க சார். குறை சொல்லுங்க. வேற யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்பார். நானும் போவேன். "பாபர் செத்ததுலேர்ந்து அவுரங்கசீப் வர்ற வரைக்கும் மூச்சே விட மாட்டேங்கறீங்க" என்பேன். மறுநாளே திருத்திக்கொள்வார். பதிலுக்கு என் கணக்கு வகுப்பைக் குறை சொல்வார்: "உங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு வருது சார். உங்களப் பார்த்தாதான் அழுகையும் வருது." அது உண்மைதான்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு தடவை அவராகவே சொன்னார்: "படிச்ச பொண்ணுன்னு ஷாப்புல இருக்கறவங்க பயப்படறாங்க. ஷாப்புக்காரர் பொண்ணுன்னு படிச்சவங்க ஓடிப்போய்டறாங்க. நான் யாரைக் குறை சொல்றது சார்?" தகப்பனாரும் போனபின் மிஷன் கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பொறுமை, ஒழுக்கம், கடமை என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். "குறையே சொல்ல முடியாதவர்" என்று தலைமை ஆசிரியர் முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்தேன்.

"மன்னிக்க வேண்டும். குறை நிறைய உண்டு. போர்டில் தேசப்படம் வரைந்தால் இலங்கையை எப்போதும் பெரிதாகப் போடுவார். ராஜாக்களை ஓட ஓட விரட்டுவார். பாடும்போது சுருதி சேராது, ஆனாலும் பாடுவார்" என்றேன்.

 எங்கள் டிரில் மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பழைய மாணவர் ஒருவர், இப்போது தோல் வியாபாரி, எழுந்தார். "எங்க அப்பா நேர்ல வந்து கேட்டாரு, ஒரே ஒரு மார்க். தரலியே!" என்றார். இன்னொருவர், சாக்பீஸைத் துண்டு துண்டாக உடைத்துப் போடுவார் என்றார். பேச்சு நாலா பக்கமும் கிளம்பியது. அவரைப் பற்றி இத்தனை பேர் இத்தனை கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்கே புதிது.

அப்போது அவரிடம் படித்த பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு எழுந்தாள். "ஒரு நாள்கூட எங்கள வீட்டுக்குள்ள கூப்ட்டதில்ல. வாசல்லியே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிடுவாங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்த டிரில் மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "நம்ம வூட்டுக்கு அவங்கள யாராவது கூப்ட்டமா?"

யாரும் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

கூட்டம் கலைந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. யார் முதலில் நடந்தார்கள் என்று தெரியாது. ஒருவர் பின் ஒருவராகத் தோல் ஷாப்புகளைத் தாண்டிக் அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே போனபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. விருந்தாளியாகப் போன வீட்டில் நிற்பதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றோம். கையில் பூகூட இல்லை. இருட்டத் தொடங்கியதும் டிரில் மாஸ்டர்தான் முதலில் திரும்பினார்.

"வர்றோம்மா" என்றார்.

எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.