அப்பா பிடிக்காத சிகரெட்

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை. இயந்திரம் ஓட ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் சாயத் தண்ணீர் மாதிரி வரும்.

நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்த வருடம் இருமல் முற்றியது. அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அப்பாவுக்குக் கடைத்தெரு மலாய்தான் தெரியும். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்: “அந்த ரூம் தூசியப் பத்தி டாக்டர்கிட்ட வெவரமாச் சொல்லும்மா.”

அவர் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தபோது, என்ன வேலை, சிகரெட் உண்டா என்று டாக்டர் என்னைக் கேட்டார். தூசி ஆகாது என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். வேலை இருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. பக்கத்து லயத்தில் ஒருவர் அப்படித்தான் சட்டி பானையோடு லோரி ஏறினார். எனக்கோ பரீட்சைக்கு இரண்டு மாதம். வெளியே புல் வெட்டுகிறார், நிறைய சிகரெட் பிடிப்பார் என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

“தூசியச் சொன்னியா?” என்று கேட்டுக்கொண்டே அப்பா வந்தார்.

“சொன்னேன்ப்பா.”

மருந்தைக் குடித்துவிட்டு அதே அறையில் இன்னும் நான்கு வருடம் நின்றார். நான்தான் நிற்க வைத்தேன். கடைசியில் வேலையும் போனது, வீடும் போனது. இப்போது கம்போங் ராஜாவில் ஒரு வாடகை அறை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் உதடு நீலமாகிவிடுகிறது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

வேலையால் வந்த நோய் என்று ஒத்துக்கொள்ளுங்கள் எனப் போட்ட மனுவுக்குப் போன வாரம் பதில் வந்தது. நீண்ட காலம் புகைபிடித்தவர் என்று ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கிறதாம், மனு தள்ளுபடி. மறைக்க வழியில்லை, கடிதத்தில் இருந்த ‘ரோக்கோ’ என்றால் சிகரெட் என்று அப்பாவுக்கே தெரியும். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்பா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: “வேற யாரோட கார்டோ... கலந்துருச்சுலா. நீ போய்ச் சொல்லு. எழுதுன புள்ளயத் திட்டிறாத... தெரியாமத்தான் செஞ்சிருக்கும்.”