இரண்டு வேட்டுச் சத்தம்

போன வாரம் திருப்பதிக்குப் போயிருந்தேன். மலைக்கு இப்போது மின்சார பஸ் விடுகிறார்கள். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, எப்போது கிளப்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் பின்னால் நகர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பிவிட்டதே தெரிந்தது. சத்தம் இல்லை, உதறல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டீசல் வாசனை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்த என் மூக்கு அதைத் தேடித் தேடி ஏமாந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அங்கே இருந்த பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். வீட்டில் சொல்லவும் இப்போது ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் டீசல் வாசனை எனக்கு ஆகவே ஆகாது. நம்பமாட்டீர்கள், சித்தூர் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூன்று முறை வாந்தி எடுத்தேன். பயணிகள் வாந்தி எடுத்தால் கண்டக்டர் தண்ணீர் கொடுப்பார். கண்டக்டரே எடுத்தால்? பாகாலாவில் ஒரு தெலுங்குக்காரர், "பாவம், கர்ப்பமா?" என்று அவர் பாஷையில் கேட்டு, பஸ்ஸே சிரித்தது. அப்போது டிரைவர் திரும்பிப் பார்க்காமல், ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார். கையில் ஓர் எலுமிச்சம்பழம். அவர்தான் முனிரத்தினம்.

ஐம்பதை ஒட்டிய வயது. ஒட்ட வெட்டிய தலை. முன்னாள் ராணுவக்காரர் என்று டிப்போவில் சொன்னார்கள். அந்தக் காலத்து டிரைவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், இரண்டாம் உலக யுத்தத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து பஸ் ஓட்டினார்கள். மற்றவர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து எகிப்தையும் பர்மாவையும் அளப்பார்கள். கேட்டால் ஜெர்மனிக்காரனை அவர்கள்தான் தனியாக நின்று விரட்டினார்கள் என்று தோன்றும். முனிரத்தினம் அந்தப் பக்கமே போகமாட்டார். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். நாங்கள் இருவரும் நகரி பக்கத்துக்காரர்கள், தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசியதை ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். "போலாமா?", "போலாம்", "கதவு". அவ்வளவுதான். சித்தூரிலேயே, கொங்காரெட்டிப்பள்ளியில், ஒற்றை வாடகை அறை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது.

ஒரு வெயில் நாள். திருப்பதி வண்டி. பாகாலா தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கியது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். வேலூரிலிருந்து வந்து எங்கள் வண்டியில் ஏறியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இறங்கினாள். முதுகில் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு. வண்டியைப் பார்த்துத் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டாள். குனிந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்த முனிரத்தினம், நிமிராமலே, பதில் சொன்னார்.

அவள் பாஷையில்.

அந்தப் பெண் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் சிரித்தார். பிறகு இருவரும் பேசினார்கள், பேசினார்கள், தண்ணீர் கொதித்து அடங்கி, ஆறியும் போயிற்று. ஸ்டியரிங்கைத் தவிர வேறெதற்கும் அசையாத அந்தக் கைகள் காற்றில் வட்டம் போட்டன, விரல்கள் குவிந்தன, தோள்கள் ஏறி இறங்கின. "இதி ஏம் பாஷா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். "பிரெஞ்சு" என்று அடித்துச் சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், தெரியாது என்று சொல்ல முடியுமா? உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. எட்டு மாதமாகப் பக்கத்தில் இருக்கிறேன், எனக்கு "கதவு". நேற்று வந்தவளுக்கு இவ்வளவா?

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவள், மூன்று நாள் இங்கேதான் என்று தன் லாட்ஜைக் கைகாட்டிவிட்டுப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் நானாகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னா பாஷைண்ணா அது?"

"இத்தாலி."

"எங்க கத்துக்கினீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு வாய் திறந்துவிட்டது, மூடத் தெரியவில்லை போலிருக்கிறது.

"எங்க ஊர்ல மூணு பேர் பட்டாளத்துக்குப் போனோம். ஒருத்தன் சிங்கப்பூர், ஒருத்தன் பர்மா, நான் எகிப்து பக்கம். திரும்பி வந்தது நான் ஒருத்தன்தான்."

பம்பாயில் கப்பலேறி, எகிப்தில் இறங்கி, பாலைவனத்தில் லாரி ஓட்டியிருக்கிறார். டோப்ருக் என்ற துறைமுகம் எதிரி கையில் விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களோடு கைதியானார். இத்தாலிக்குக் கொண்டுபோய் முள்வேலிக்குள் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, நம் பக்கத்துப் படைகள் அந்த நாட்டின் தெற்கே இறங்கின. இத்தாலி சரணடைந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் காவல்காரர்களைக் காணவில்லை. ஜெர்மானியர் வந்து பிடிப்பதற்குள் வேலியை அறுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் மலையேறினார்கள்.

மலைமேல் ஒரு குடியானவர் வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். அவர்கள் மகன் ரஷ்யப் போர்முனைக்குப் போனவன், கடுதாசி நின்றுபோயிருந்தது. இவரை மாட்டுக்கொட்டகைப் பரணில், வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார்கள். மகனுடைய கோட்டைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். ஐந்து மாதம். பாஷை அங்கே கற்றதுதான், பேச மட்டும். எழுதப் படிக்கத் தெரியாது. கைதிகளை ஒளித்து வைப்பவர்களைச் சுடுவோம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"அந்தம்மா காலைல ஏணி மேல ஏறி வந்து ரொட்டி குடுக்கும். நான் துன்னு முடிக்கிற வரைக்கும் எறங்காது, அங்கியே நின்னுக்கினு இருக்கும்."

ஒரு மத்தியானம், பனி கொட்டிக் கிடந்தபோது, ஜெர்மன் லாரி ஒன்று மலைப்பாதையில் ஏறி வருவதைப் பார்த்தார். சொல்லிக்கொள்ள நேரமில்லை. பின்பக்கமாகக் குதித்துக் காட்டுக்குள் ஓடி, ஒரு பள்ளத்தில் விழுந்து கிடந்தார். லாரி அந்த வீட்டு வாசலில் நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வேட்டுச் சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

"ரெண்டு பேரு, ரெண்டு குண்டு" என்றார். "நான் திரும்பிப் போய்ப் பாக்கல தம்பி. தெற்கப் பாத்து ஓடிட்டேன்."

பல வாரம் நடந்து, நம் படைகளிடம் போய்ச் சேர்ந்தார். ஊர் திரும்பினால் அங்கே, காணாமல் போனார் என்ற தந்தியைக் கேட்டதிலிருந்து படுத்த அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் பெண் பார்த்தார்கள். இவர் மாட்டேன் என்று சித்தூருக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு பேர சாவடிச்சுட்டு வந்தவன், நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

அவரே மெதுவாகச் சொன்னார்: "ஒரு காயிதம் வந்துச்சு. சண்ட முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு. என் ஊர் பேர எப்பவோ அங்க சொல்லியிருந்தேன், எழுதி வச்சிருந்தாங்க போல. பொட்டில கீது."

"இன்னா எழுதியிருந்துச்சு?"

"பிரிக்கல."

"இத்தினி வருஷமாவா?"

"யாராச்சும் சொந்தக்காரங்க எழுதியிருப்பாங்க, உன்னாலதான் செத்தாங்கன்னு. பிரிச்சா தெரிஞ்சிடுமில்ல."

அன்றைக்கு நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அடுத்தவர் பெட்டியைத் திறக்கச் சொல்ல நான் யார்? இருபத்திரண்டு வயது, வாய் அதிகம். "நாளைக்கு எடுத்துக்கினு வாங்கண்ணா. அந்தப் பொண்ணு ரெண்டு நாள்ல பூடும். அப்புறம் ஜென்மத்துக்கும் ஆள் கெடைக்காது" என்றேன். திரும்பும் வழியெல்லாம் "கதவு" கூடச் சொல்லவில்லை.

மறுநாள் திருப்பதியில் வண்டியை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் கையில் திணித்தார். "நீயே குடு" என்றார்.

லாட்ஜிலிருந்து அவளைக் கூட்டி வந்தேன். டீக்கடை பெஞ்சில் அந்தப் பெண் உறையைக் கிழித்தாள். நான் டீ கிளாஸோடு நின்றேன். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, அதனால் அவர் முகத்தையே படித்தேன். முதலில் தலை குனிந்திருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். ஏதோ கேட்டார். அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். அவர் இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை வாசித்தபோது அவள் குரல் உடைந்தது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்தில் கிடந்த டவலை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் வெகுநேரம் குலுங்கின. அது சிரிப்பில்லை என்று டீக்கடைக்காரருக்கும் தெரிந்தது, கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"பன்னிடா" என்றார் என்னிடம். முதல் முறையாக என்னை 'டா' போட்டார். "கொட்டாயில ரெண்டு பன்னி இருந்துச்சு. அதுங்கள சுட்டு லாரில ஏத்திக்கினு பூட்டாங்களாம். இவங்கள ஒண்ணும் செய்யலையாம்."

என் கையிலிருந்த டீயை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷம். ரெண்டு பன்னிக்காவ."

எழுதியது அந்தம்மாவே. ஏன் சொல்லாமல் போனாய், பிடித்துவிட்டார்களா, எங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று ஓடினாயா, எங்கள் மகன் வரவில்லை, நீயாவது உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. இவ்வளவுதான் கடிதம். இவர் எழுதவில்லை. அங்கே அவர்கள் இவரைச் செத்தவர் கணக்கில் வைத்திருக்க, இங்கே இவர் அவர்களை வைத்திருந்தார்.

அன்றைக்கே அவர் சொல்லச் சொல்ல அவள் பதில் எழுதினாள். டிப்போ விலாசம் போட்டு, நானே விமானத் தபாலில் சேர்த்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபதில் வந்தது. அந்தப் பெண் அதற்குள் எந்த ஊரிலோ. உறைக்குள் ஒரு காகிதமும் ஒரு படமும். படத்தில், கல் வீட்டு வாசலில் கறுப்பு உடுப்பில் ஒரு கிழவி, தனியாக. படத்தின் பின்பக்கம் அந்த வருஷத்தின் எண்.

"வேலூர் ஆஸ்பத்திரில வெள்ளைக்காரங்க யாராச்சும் இருப்பாங்கண்ணா. படிக்கச் சொல்லலாம்" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேணாம். உசுரோட கீது, அது போதும். வேற இன்னா எழுதியிருக்கும்? துன்னியான்னு கேட்டிருக்கும்."

அதன் பிறகும் அவர் ஓய்வறைக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு வயதும் தாண்டியிருந்தது. ஆனால் சில நாள், சந்திரகிரி தாண்டி சாலை காலியாக இருக்கும்போது, அந்தப் பாஷையில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவார். யாரிடம் என்று நான் கேட்டதில்லை.

எனக்குக் குப்பம் பக்கம் மாற்றலாயிற்று. அவர் ஓய்வு பெற்ற செய்தி வந்தது. போகவேண்டும், போகவேண்டும் என்று நாளைத் தள்ளினேன். இறந்த செய்தி வந்தபோது ஆறு நாள் ஆகிவிட்டிருந்தது. கொங்காரெட்டிப்பள்ளிக்குப் போனேன். வீட்டுக்காரர் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கேட்டேன். "பாத காயிதாலு, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. அவருக்கு அது பழைய காகிதம்தான். பெட்டி யார் வீட்டிலோ அரிசி வைக்கப் போய்விட்டது.

இப்போது அந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம். டிப்போவில் அவர் பெயர் சொன்னால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் பெயருக்கே இல்லை. அந்த மலையூரின் பெயரை அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். அந்தம்மாவின் பெயரையும் சொன்னார். இவ்வளவு முக்கியமானதை மறப்போமா என்று நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ராத்திரி படுத்தபடி வாயில் போட்டுப் பார்க்கிறேன், ஊருக்கு ஏதோ 'லோ' என்று முடியும் பெயர். மீதி வரவில்லை.