உங்கள் பெயரில் வீடு உண்டா?

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கே வரி. மூன்றாவது வரியைப் படித்ததும் கையிலிருந்த பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டேன்.

'விண்ணப்பதாரி தனது பெயரில் வீடொன்றை வைத்திருப்பதால், வசதி குறைந்தோருக்கான இப்புலமைப்பரிசிலுக்குத் தகுதியற்றவர்.'

விண்ணப்பதாரியை ரிஸ்னா என்று வைத்துக்கொள்வோம். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நிந்தவூர்ப் பிள்ளை. வாப்பா மேசன் - ஊரில் எத்தனையோ பேருக்கு மாடி எழுப்பிக் கொடுத்தவர், தன் வீட்டுச் சுவரை இன்னும் பூசி முடிக்கவில்லை. ரிஸ்னா கடலரிப்பைப் பற்றிப் படித்தவள். தங்கள் ஊர்க் கரையில் ஒரே இடத்தில் நின்று, நாலு வருடமாக, கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறாள். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு இடம் கொடுத்தது.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் புலமைப்பரிசில் கிடைத்தால்தான் போகலாம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. மின்னஞ்சலின் நாலாவது வரி இதுதான்: வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குக் காணொளியில் இருபது நிமிடம் விளக்கம் சொல்லலாம். அதன்பின் மேன்முறையீடு இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். தெரியாதவர்களுக்காக... கல்முனையில் ஒரு பாமசிக்கு மேலே இரண்டு அறை. அதில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் படிக்கத் திறமை இருந்தும் வழியில்லாத பிள்ளைகளுக்கு வழி தேடிக் கொடுப்பது. என் விசிட்டிங் கார்டில் 'எல்லோரையும் உள்வாங்கும் கல்வி - பிராந்திய ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கிறது. பெரிய பெயர்! அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

ரிஸ்னா அந்தப் படிவத்தை என் மேசையில், என் கணினியில்தான் நிரப்பினாள். 'உங்கள் பெயரில் வீடு அல்லது காணி உண்டா?' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"மிஸ், உம்மாவும் வாப்பாவும் வீட்ட என்ட பேருக்கு எழுதியிரிக்காங்க. இதுக்கு என்ன போடுற?"

"ஓம் எண்டு போடுங்க. உள்ளதத்தானே கேக்கிறாங்க."

ஒரு செக்கன் யோசித்திருப்பேனா? இல்லை. ஏன் யோசிக்க வேண்டும்? எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எந்த வாப்பாவைக் கேட்டாலும் இதையே சொல்வார். மகளுக்கு வீடு எழுத வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் வீடும் என் பெயரில்தான் இருக்கிறது. என் கணவர் இருபது வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறார் - சண்டை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியவர் அவர்தான். (ஹோட்டலில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.) இதெல்லாம் எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவதைப் போய் யாராவது சொத்து என்று எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரமே பஸ் ஏறி நிந்தவூருக்குப் போனேன். போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். கதவைத் திறந்த ரிஸ்னா, "உள்ளுக்கு வாங்க மிஸ்" என்றாள். 'நீங்கதானே ஓம் எண்டு போடச் சொன்ன' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

வாப்பா வேலையிடத்திலிருந்து நேரே வந்திருந்தார். கையில் சீமெந்து காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் ஏற்கனவே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"லேசான வேல மிஸ். நாளைக்கிக் காலையில நொத்தாரிசுக்கிட்டப் போய் வீட்டச் சின்னவள்ட பேருக்கு மாத்தி எழுதுவம். மறுகா இவள்ட பேருல ஒண்டுமில்லயே."

சின்னவள் என்றால் ரிஸ்னாவின் தங்கை. உயர்தரம் படிக்கிறாள்.

குசினி வாசலில் நின்ற உம்மா கேட்டார். "அப்ப இவளுக்கு?"

"இவளுக்குப் பொறகு பாப்பம்."

"எப்ப பாக்கிற? இவள் படிச்சிட்டு வரக்குள்ள இருவத்தேழு. வீடும் இல்ல எண்டா ஆரு வருவான்? சம்பந்தம் பேசச் சம்மாந்துறையால வந்த ஆக்கள் முதல்ல என்ன கேட்ட? வீடு இரிக்கா எண்டுதானே கேட்ட. நீங்க ஓம் எண்டு சொன்ன. இப்ப போய் இல்ல எண்டு சொல்லப்போறீங்களா?"

வாப்பா கையிலிருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் உம்மா மேல் கோபப்படுவீர்கள். சீதனம், பழைய புத்தி, அது இது என்று... வேண்டாம். அந்தக் காணி அவருக்கு அவருடைய பெற்றோர் கொடுத்தது. அதில் அறை அறையாகக் கட்டியது வாப்பாவின் கை. அதை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் கலியாணம் முடித்ததும் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு போகப் போகிறவர் அந்த உம்மாதான். கேட்க அவருக்கு உரிமை இல்லையா?

நான் அப்போது ஒரு வேலை செய்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்:

"ஒண்டையும் மாத்த வேணாம். கை தவறி ஓம் எண்டு பட்டுட்டு, வீடு இல்ல எண்டு எழுதுவம். அவங்க நிந்தவூருக்கு வந்து வீட்டு உறுதிப் பத்திரம் பாக்கப்போறல்ல."

எல்லோரையும் உள்வாங்கும் கல்வியின் பிராந்திய ஒருங்கிணைப்பாளர் சொன்ன யோசனை இது!

ரிஸ்னா அப்போதுதான் வாய் திறந்தாள். சத்தம் போடவில்லை.

"ஏலா மிஸ். பொய் சொல்லிப் போனா அங்க இரிக்கிற காலம் முழுக்கப் பயந்து பயந்துதான் இரிக்கணும். தங்கச்சிக்கு மாத்தவும் வேணாம். மாத்தினா நாளைக்கி அவளும் படிக்கப் போகணும் எண்டு வந்து இதே கேள்வியிலதான் நிப்பாள். இரிக்கிறத இரிக்கிற மாதிரிச் சொல்லுவம்."

"சொன்னா அவங்களுக்கு வெளங்குமா?" என்றார் வாப்பா.

"தெரியா வாப்பா."

எனக்கும் தெரியவில்லை. சொந்த வீடு என்றாலே வசதி என்று பழகிப்போன வெளிநாட்டுக்காரர்களிடம், இந்தப் பிள்ளைக்கு வீடு இருக்கிறது, வசதி இல்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது? அதுவும் இருபது நிமிடத்தில்?

புதன்கிழமை முழுக்க ஓட்டம். உறுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோம். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கினோம். 'மேற்படி வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் வசித்து வருகின்றனர்' என்று எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். நல்ல கடிதம். ஆனால் அது யாருக்குப் புதுச் செய்தி? நானும் பெண்பிள்ளைக்கு வீடு எழுதும் எங்கள் வழக்கம் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் கட்டுரைப் போட்டிக்கு எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டேன்.

வியாழன், மூன்று மணி. மழை இருட்டு. ரிஸ்னா கறுப்பு அபாயாவில், இரண்டு கைகளையும் மேசையில் கோர்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில். திரையில் மூன்று பேர் வந்தார்கள் - நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, ஒரு பக்கம் ஓர் இளைஞர், மறுபக்கம் நரைத்த தாடிக்காரர் ஒருவர். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"அந்த வீடு உங்களுடையதுதானே?" பெண்மணி கேட்டார்.

"ஆம்."

"நீங்கள் நினைத்தால் அதை விற்கலாமா?"

"சட்டப்படி விற்கலாம். விற்றால் என் பெற்றோரும் தங்கையும் தம்பியும் தெருவில் நிற்பார்கள்."

"வாடகைக்கு விடலாமே?"

"அவர்களிடமா வாடகை வாங்குவது?"

இளைஞர் சிரித்துவிட்டார். பெண்மணி சிரிக்கவில்லை. திமிராகப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டால்? மேசைக்குக் கீழே அவள் காலை என் காலால் தட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்கள் திருமணம் முடித்தால் உங்கள் பெற்றோர் எங்கே போவார்கள்?"

"அதே காணியில் பின்பக்கத்துக்கு. ஒரு சின்னக் கொட்டில் போட்டுக்கொள்வார்கள். என் வாப்பாவின் வாப்பாவும் உம்மாவும் தங்கள் மகளுக்கு, என் மாமிக்கு, அப்படித்தான் செய்தார்கள்."

படம் உறைந்துவிட்டதோ என்று பயந்து நான் மவுஸை அசைத்துப் பார்த்தேன். உறையவில்லை. அவர்கள்தான் பேசாமல் இருந்தார்கள்.

பிறகு தாடிக்காரர் கேட்டார். "உங்கள் தம்பியின் பெயரில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. அவன் முடிக்கிற பெண்ணின் வீட்டுக்குப் போவான்."

"அப்படியென்றால், இதே குடும்பத்திலிருந்து உங்கள் தம்பி விண்ணப்பித்திருந்தால்..."

"இந்தக் கேள்வியில் அவன் நின்றிருக்க மாட்டான்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். தாடிக்காரர் எதையோ எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். கண்ணாடிப் பெண்மணி இப்போது என்னைப் பார்த்தார்.

"ஒருங்கிணைப்பாளரே, உங்கள் பகுதியிலிருந்து இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா?"

"இல்லை" என்றேன். டக்கென்று, உறுதியாக.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. கிடைத்துவிட்டது.

ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன், பதிலில்லை. வாப்பாவுக்கு எடுத்தேன். எங்கோ உயரத்தில் நின்றிருக்க வேண்டும், காற்று இரைந்தது. சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூன்று தரம். பிறகு குரல் ஒரு மாதிரியாகி, "மிஸ், நான் சாரத்தால இறங்கிட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

இதோடு பத்தியை முடித்திருக்கலாம். உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் பெருமை. ஆனால் நான் சொன்ன அந்த 'இல்லை' என்னை விடவில்லை. உண்மையாகவே இல்லையா? பார்த்துவிட்டா சொன்னேன்?

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்து பழைய கோப்புகளை எடுத்தேன். போன வருடம், அதற்கு முந்தின வருடம், அதற்கும் முந்தினது. நிராகரிக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் விண்ணப்பங்களைத் தனியே பிரித்தேன். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், பொத்துவில். அதே கேள்வி. புரட்டப் புரட்ட 'ஆம்'... 'ஆம்'... என் மேசையில் இருந்து, என்னிடம் கேட்டுப் போட்ட 'ஆம்'.

அப்போதெல்லாம் காரணம் எழுதி அனுப்ப மாட்டார்கள். 'வருந்துகிறோம்' என்று மட்டும்தான் வரும். இந்த வருடம்தான் காரணம் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் காரணம் சொல்லாத வருடங்களில் நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஆண்டறிக்கையில், என் கையெழுத்தோடு இருக்கிறது: 'இப்பகுதிப் பெண்கள் பின்தங்குவதற்குக் குடும்பத்தினரின் தயக்கமே முதன்மைக் காரணம்.' அதைக் கருத்தரங்குகளில் பேசியுமிருக்கிறேன். கைதட்டினார்கள்.

படிவத்தைத் தயாரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது, அவ்வளவுதான். எனக்கு ஊர் தெரியும். படிவமும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தானே எனக்குக் கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பவருக்குத்தான் எதுவும் கண்ணில் படுவதில்லை. அன்று முழுக்க எனக்கு என் மேலேயே கோபம்.

கோப்புகளில் ஒரு பெயர், சிபானா. மருதமுனை. நான் பார்த்த பிள்ளைகளில் கெட்டிக்காரி. நம்பர் இன்னும் அதேதான், எடுத்தாள். ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அப்ப மார்க்ஸ் குறைஞ்சதால இல்லயா மிஸ் எனக்குக் கிடைக்காமப் போன?"

"இல்ல."

அவள் கதவைச் சாத்துவது கேட்டது.

"பாஸ்போட் எடுக்க வாப்பா என்னோட கொழும்புக்கு ரெண்டு தரம் வந்தாரு மிஸ். நான் சரியா எழுதல்ல எண்டுதான் இன்னும் நெனச்சிட்டு இரிக்காரு. அவருக்கிட்டச் சொல்லணும்."

நான் அறிக்கையில் எழுதிய 'குடும்பத்தினரின் தயக்கம்' இவர்தான்.

"இப்ப திரும்பப் போடலாமா மிஸ்?"

வயதெல்லை ஒன்று இருக்கிறது. சிபானா போன வருடமே அதைத் தாண்டிவிட்டாள். சொன்னேன், சொல்லாமல் விட வழியில்லை. அறிக்கையைத் திருத்தி அனுப்பப் போகிறேன், அந்தக் கேள்வியையும் மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, அதில் எதுவும் அவளுக்கு இல்லை.

அவள் மெல்லச் சிரித்தாள்.

"பரவால்ல மிஸ். என்ட மகள்ட பேருக்கு வீடு எழுதக்குள்ள உங்கள்ட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு எழுதுறன்."