நடுவில் இருந்த போல்ஸ்டர்

"செவ்வாய், மாலை ஐந்து மணி, ஃபேரர் பார்க். இருவரும் வரவேண்டும்." சென்ற ஆண்டு மார்ச் மாத நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எதற்கு என்று நான் எழுதவில்லை. புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கும் அவர்களுடைய துணைக்கும் சேர்த்துத் தரப்படும் ஆலோசனை அது.

என் மனைவிக்கு இடது மார்பகத்தை அகற்றி, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, மருத்துவர்கள் நிறைவாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில்தான் பேச்சு குறைந்திருந்தது. மருந்து, சாப்பாடு, மழை வருமா என்பதோடு நின்றுவிடும். மருத்துவமனைத் தாதி ஒருவர் இதைக் கவனித்து எங்களை அனுப்பினார்.

தெம்பனிஸிலிருந்து ரயிலில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து நடந்தோம். வழியில் மனைவி மல்லிகை விலை கேட்டாள், வாங்கவில்லை. பூ வைக்கும் அளவுக்கு முடி இன்னும் வளர்ந்திருக்கவில்லை.

ஆலோசகர் நாற்பதுகளில் இருந்த தமிழ் முஸ்லிம் பெண்மணி. என் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணன் என்றும் அழைத்தார். நான் கையோடு நாட்குறிப்புகளைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு கீமோவின் தேதியும் அதற்கு மறுநாள் காய்ச்சல் எவ்வளவு என்பதும் அவற்றில் உண்டு. அவர் அவற்றை மேசையோரம் நகர்த்தி வைத்துவிட்டு, இரவில் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒரே கட்டில்தான். நடுவில போல்ஸ்டர் இருக்கு லா," என்றாள் மனைவி.

இந்த ஊரில் அணைத்துத் தூங்க ஒரு உருளைத் தலையணை இல்லாத வீடு குறைவு. ஆகவே அதில் வியக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஆலோசகர் அப்படி நினைக்கவில்லை. எதற்காக நடுவில் என்று கேட்டார்.

"ஆப்பரேஷன் முடிஞ்சு வந்தப்போ கை பட்டுடக் கூடாதுன்னு இவர் வச்சாரு. காயம் ஆறியும் எடுக்கல. சரி, தொடப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

குரலை உயர்த்தாமல், ரயில் தாமதமானதைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அதை வைக்கவில்லை என்றேன். அவள்தான் வைத்ததாகவும், நான் நெருங்கக் கூடாது என்பதற்காகவே அது அங்கே இருப்பதாகவும் அதுவரை நம்பியிருந்தேன். அவள் விருப்பத்தை மதிப்பதாக எண்ணிச் சுவரோரமாகவே படுத்துவந்தேன். இதையும் சொன்னேன். வீடு திரும்பிய நாளின் பக்கத்தைத் தேட நாட்குறிப்பை எடுத்தேன்.

"பாருங்க, தேதி பாக்கப் போயிட்டாரு," என்றாள் மனைவி.

ஆலோசகர் சிரித்துவிட்டார். பிறகு, "யார் வச்சதுன்னு நான் கேக்கல அண்ணே. யார் எடுக்கப் போறீங்க?" என்றார்.

அந்த வாரத்துக்கு அதையே யோசித்துவரச் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை பிற்பகல் வழக்கம்போல இருவருமாகப் படுக்கை விரிப்பு மாற்றினோம். போல்ஸ்டருக்குப் புது உறை போட்ட பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நாற்காலியில் வைத்தேன்.

"அங்க வேணாம். இந்தப் பக்கம் குடுங்க, காலுக்கு வேணும்," என்று வாங்கித் தன் வலப்பக்கம் போட்டுக்கொண்டு படுத்தாள். இடப்பக்கம் காலியாக இருந்தது. நான் படுத்தேன். சற்று நேரம் கழித்து, "கை வைங்க. வலிச்சா சொல்றேன்," என்றாள்.

வலிக்கிறது என்று சொல்லவில்லை.

வீடு திரும்பிய நாளின் குறிப்பைப் பின்னர் படித்துப் பார்த்தேன். மருந்துகளின் பெயர்களும் வடிகுழாயில் வடிந்த நீரின் அளவும் இருக்கின்றன, போல்ஸ்டர் இல்லை. அன்று கட்டிலைத் தயார்செய்தவள் சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் மகள். அவளிடம் கேட்டதற்கு, "நானாகூட இருக்கலாம்பா, ஞாபகம் இல்ல," என்றாள். மனைவி இன்னும் நான்தான் என்கிறாள். அதை முதலில் அங்கே வைத்தது யார் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.