ஊசி படாத பதினோரு புத்தகங்கள்

வாளையார் செக்போஸ்டில் பஸ் நின்றால் அதிகாரிக்கு முன்னால் குத்தூசி ஏறும். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கேரளத்துக்கு அரிசி கடத்துவது மும்முரமாக நடந்த காலம். எந்தச் சாக்கைக் கண்டாலும் அந்த நீள ஊசியைச் சொருகி இழுப்பார்கள். ஊசியின் குழியில் அரிசி வந்தால் மூட்டையும் கீழே, ஆளும் கீழே.

எழுபத்தேழாம் வருஷம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை. இதை எழுதுகிறவன் அந்தப் பஸ்ஸின் கடைசி வரிசையில் இருந்தான். குடும்பத்தில் முதல் பி.ஏ. பட்டச் சான்றிதழைச் சட்டைக்குள் வைத்து, வேர்வை படாமல் அதற்கு மேல் ஒரு செய்தித்தாளையும் வைத்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் முப்பது வயதுக் குடியானவர் ஒருவர் சாக்கு மூட்டையை மடியில் பச்சைக் குழந்தையைப் போலக் கிடத்தியிருந்தார். ஊசி அந்த மூட்டையை நோக்கி இறங்கியது. அவர் சட்டென்று தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார்.

ரத்தம் சாக்கில் சொட்டாதபடி கையை வெளியே நீட்டிக்கொண்டு, "அரிசி இல்லீங்க. படக்கதைப் புத்தகமுங்க," என்றார்.

பதறிப்போன அதிகாரி கட்டை அவிழ்த்தார். உள்ளே வேப்பிலைச் சருகுக்கும் வசம்புக்கும் நடுவில் பதினோரு புத்தகங்கள், தனித்தனியாக வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தன. மேலே இருந்ததைப் பிரித்தவர் பக்கம் புரட்ட ஆரம்பித்துவிட்டார். கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதிய பிறகு தலை நிமிர்ந்து, "தொங்கறானே, அப்புறம் என்னய்யா ஆச்சு?" என்றார்.

"அதைத் தேடித்தானுங்க நானும் அலையறேன்."

அவர்தான் எருத்தேன்பதி பொங்கியண்ணன். நாலு ஏக்கர் கடலைக்காய்ப் பூமி, ஒரு ஜோடி எருது. இந்த 'கணவாய் வீரன்' பதினோரு பாகங்களும் அவருடைய சொத்தில் சேர்த்தி.

கைக்குக் கட்டுப் போட அவரும், துணைக்கு இதை எழுதுகிறவனும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டே பொங்கியண்ணன் தன் கதையைச் சொன்னார்.

அவர் பையனாக இருந்தபோது அவருடைய ஐயன், அதாவது அப்பா, மாட்டு வியாபாரத்துக்குப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவார். மாசம் ஒரு புத்தகம் வாங்கி வருவார். மதுரையில் ஒரு சின்ன அச்சகம் போட்டது. மொத்தம் பன்னிரண்டு பாகம். பதினோராம் பாகத்தின் கடைசிப் படத்தில் கணவாய் வீரன் இரண்டு மலைக்கு நடுவில் கயிற்றுப் பாலத்தில் தொங்குகிறான். வில்லன் கயிற்றில் அரிவாளை வைத்துவிட்டான். பன்னிரண்டாம் பாகம் வந்த மாசம் வீட்டு எருதுக்குக் கோமாரி. ஐயன் சந்தைக்குப் போகவில்லை.

"அன்னையிலிருந்து அவன் தொங்கிக்கிட்டே இருக்கறானுங்க. எனக்குக் கல்யாணமாச்சு, ஐயன் காலமாயிட்டாரு, அவன் மட்டும் எறங்கவே இல்லை."

அந்த ஆசையில் தொடங்கியதுதான் மற்றதெல்லாம். பழைய படக்கதைகள் எங்கே கிடைத்தாலும் வாங்கினார். வரைந்தவர்களைத் தேடிப் போய் முதல் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். மெட்ராஸில் சினிமா பேனர் எழுதும் ஒருவரிடம், திருச்சியில் சோடாக் கடை வைத்துவிட்ட ஒருவரிடம். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார். துண்டில் ஒரு படி பச்சைக் கடலைக்காய் இருக்கும். ஆனால் கணவாய் வீரனை வரைந்தவர் மட்டும் அகப்படவில்லை. புத்தகத்தில் பேர் போடவில்லை. அச்சகமும் மூடிப்போயிற்று.

பன்னிரண்டாம் பாகம் இருந்த ஒரே இடம் கொழிஞ்சாம்பாறையில் ஜவுளிக்கடை வைத்திருந்த அர்த்தநாரியின் அலமாரி. அவரும் எருத்தேன்பதிக்காரர்தான். பன்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காலிகோ பைண்டு செய்து முதுகில் பொன்னெழுத்துப் போட்டு வைத்திருந்தார். தொடவிடமாட்டார். பொங்கியண்ணன் புத்தகங்களை உதிரியாகவே வைத்திருப்பதில் அவருக்கு ஒரே இளக்காரம்.

"சோளத்தட்டுக்குக்கூடக் கட்டு உண்டு. உன்ற புத்தகத்துக்கு அதுவும் இல்லை."

"பைண்டு பண்ணுனா ஊசி போடோணுமுங்க. எனக்கு மனசு வல்லீங்க."

போன வாரம், மாரியம்மன் திருவிழா தொடங்கும் பூச்சாட்டு அன்று, கடையில் நாலு பேர் முன்னால் பேச்சு முற்றிவிட்டது. இந்தப் படமெல்லாம் வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து சுட்டது, வரைந்தவன் என்று ஒருத்தன் கிடையவே கிடையாது என்றார் அர்த்தநாரி. பொங்கியண்ணன் தன் புத்தகத்தைப் பிரித்து, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையைக் காட்டினார். ஓரத்தை ஒட்டி, எள்ளளவுக்கு இரண்டு இலையும் நடுவில் ஒரு குருத்தும். பதினோரு புத்தகத்திலும் அதே இடத்தில் அதே குருத்து. வரைந்தவர் வைத்த அடையாளம்.

"அச்சுக் கறை. என்ற புத்தகத்துல அப்படி ஒண்ணும் காணோம்," என்றார் அர்த்தநாரி.

பந்தயம் பிறந்தது. எருத்தேன்பதிக் கோயிலில் அம்மன் முன்னால் கம்பம் நடுவதற்குள் வரைந்தவரின் கையெழுத்தோடு வந்தால் பன்னிரண்டாம் பாகம் பொங்கியண்ணனுக்கு. வராவிட்டால் பதினோரு புத்தகமும் அர்த்தநாரிக்கு. அவர் அதை நேரே பைண்டருக்கு அனுப்பிவிடுவார்.

"செவ்வாக்கெழமை கம்பமுங்க," என்றார் பொங்கியண்ணன். கம்பம் நட்டுவிட்டால் அதை எடுக்கும்வரை அந்த ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதனால் அதற்குள் அலைந்தால்தான் உண்டு. "இது கடலைக்காய் மொளைங்க. பருப்பு ரெண்டா விரிஞ்சு நடுவுல குருத்து வருது பாருங்க. கடலைக்காய்ச் சீமைக்காரருதான் வரஞ்சிருக்கோணும். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, ஒரு ஊரு உடலீங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "ரெட்டெலைங்க. கட்சிக்காரராட்ட இருக்குது."

"அந்தக் கட்சி பொறக்கறதுக்கு முன்னால அச்சடிச்சதுங்க!"

பெஞ்சின் மறுகோடியில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் புத்தகத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். பேர் சந்தனம். சூரியநெல்லி எஸ்டேட்டில் கூலியாட்கள் தங்கும் லயம் கட்ட, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வாளையார் வழியாகச் சிமெண்டு ஏற்றிப் போகிறவர். பார்த்தவர் வாயில் இருந்த பரோட்டா வெளியே தெறிக்கச் சிரித்தார்.

"என்னவே, இதா கடலைச் செடி? இது தேயிலைவே! ரெண்டு இலை, ஒரு மொட்டு. எங்க பொம்பளைங்க நாள் பூரா கிள்ளுதது இதைத்தான். இங்க வாரும்."

அவர் லாரியின் பின்பக்கம் கூட்டிப் போனார். சிமெண்டுத் தூசி அப்பிக் கிடந்த பின்கதவை உள்ளங்கையால் துடைத்தார். சீறிப் பாயும் ஒரு குதிரை தெரிந்தது. கீழ் மூலையையும் துடைத்தார். எள்ளளவுக்கு இரண்டு இலை, ஒரு மொட்டு.

பொங்கியண்ணன் புத்தகத்தை வாங்கி அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வாரம் ஒரு தரமாவது அவர் கடந்துபோன ரோடு அது. எத்தனை தரம் அந்த லாரி புழுதி கிளப்பிக்கொண்டு அவரைத் தாண்டிப் போயிருக்குமோ!

"யாருங்க இது?"

"ஏசுரத்தினம் அண்ணாச்சி. பேக்டரியில டீப்பெட்டிக்கு நம்பர் எழுதுதாரு. நேரம் கெடைச்சா லாரிக்கும் படம் போடுவாரு. ஏறும், நான் இப்பமே கெளம்புதேன்."

பொங்கியண்ணன் மூட்டையோடு ஏறிவிட்டார். ஏறின பிறகுதான் வீட்டு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, என்ற ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க, மலைக்குப் போயிருக்கறேன்னு!" என்று கத்தினார். லாரி நகர்ந்துவிட்டது.

பட்டம் வாங்கிய கையோடு இதை எழுதுகிறவன் செய்த முதல் உத்தியோகம் எருத்தேன்பதிக்குப் போன அந்தத் தூதுதான். பொங்கியண்ணனின் மனைவி முத்தாத்தாள் சேதியை முழுசாகக் கேட்டாள். "மலைக்குங்களா? கம்பத்துக்குள்ள வந்து சேரலீன்னா, மிச்சமிருக்கற புத்தகத்தையெல்லாம் கிழிச்சுக் கடலைக்காய்ப் பொட்டலம் கட்டிப் போடுவேன்," என்றாள். ஆனாலும் அவள் கண் வாசலிலேயே இருந்தது.

சூரியநெல்லியில் லாரி நின்றபோது ஞாயிற்றுக்கிழமை வெயில் சரிவுகளில் ஏறியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் அந்த எள்ளளவு அடையாளம் மலை மலையாக முளைத்து நின்றது. பொங்கியண்ணன் ஒரு செடியருகே குந்தி, கொழுந்தைத் தொட்டுப் பார்த்து, "அட என்ற சாமி!" என்றார்.

ஏசுரத்தினம் லயத்து வாசலில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நெடுநெடுவென்ற ஆள், விரல் நகங்களில் கறுப்புச் சாயம். பொங்கியண்ணன் துண்டிலிருந்த கடலைக்காயை அவர் காலடியில் வைத்தார். அப்புறம் முதல் புத்தகத்தின் வெள்ளைத் துணியைப் பிரித்தார்.

முகத்தில் பாதி நுரையோடு ஏசுரத்தினம் குனிந்து பார்த்தார்.

"இது அச்சாச்சா?"

"ஏனுங்க, நீங்க பாத்ததே இல்லீங்களா?"

"பன்னெண்டு கட்டு தபால்ல அனுப்புனேன். ஒரு புத்தகம்கூட எனக்கு வரல. குப்பையில போட்டுட்டானுவன்னு நெனச்சு அதோட விட்டுட்டேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு விரலை ஓட்டினார். மூலையில் விரல் நின்றது. "பேரு போடக்கூடாதுன்னு அச்சகத்துல கண்டிஷன். அவங்க கண்ணுல படாம ஓரத்துல ஒட்டி ஒளிச்சு வச்சேன். இது இன்னும் இருக்குதே!" என்றவர் திக்குமுக்காடிப் போய் உள்ளே திரும்பி, "ஏட்டி சின்னத்தாயி, இங்க வந்து பாரு, நான் அப்பவே சொல்லல!" என்று கூப்பிட்டார். அவர் மனைவி வந்து பார்த்தாள். லயமே வந்து பார்த்தது. கொழுந்து கிள்ளும் பெண்கள் பதினோரு புத்தகத்தையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். மழைக்கோட்டுப் போட்ட குள்ள வில்லனைப் பார்த்ததும், "இது பழைய கங்காணில்லா!" என்று ஒருத்தி கண்டுபிடிக்க, சிரிப்பு அடுத்த லயம்வரை கேட்டது.

பேனாவைத் திறந்துகொண்டு ஏசுரத்தினம் பழக்க தோஷத்தில் ஓரத்துக்குப் போனார். பொங்கியண்ணன் கட்டுப் போட்ட கையால் தடுத்தார்.

"மூலையில வேண்டாமுங்க. இனி நடுவுல போடுங்க. நல்லாப் பெருசா."

பதினோரு புத்தகத்திலும் நடுவில் விழுந்தது கையெழுத்து. கடைசியில் பொங்கியண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவன் விழுந்துட்டானுங்களா?"

ஏசுரத்தினம் கடலைக்காய் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "அதைச் சொல்லிட்டா நீரு பந்தயம் ஜெயிச்சு என்னவே பிரயோசனம்? நானும் வாரேன். அந்தப் புத்தகத்தை நானும் பாக்கணும்லா."

செவ்வாய்க்கிழமை காலை. பங்குனி வெயிலில், மலையில் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே ஏசுரத்தினம் கொழிஞ்சாம்பாறையில் இறங்கினார். ஜவுளிக்கடையில் அன்றைக்கு வேட்டி வாங்கக் கூட்டம். பொங்கியண்ணன் முதல் புத்தகத்தை மேஜைமேல் விரித்தார்.

அர்த்தநாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "கையெழுத்து யாரு வேணா போடலாம் பொங்கியண்ணா. நாங்கூடப் போடுவேன்."

ஏசுரத்தினம் கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். மேஜைமேல் கிடந்த கறுப்புக் கோட்டுத் துணியை ஒரு சாண் இழுத்துவிட்டு, தையல்காரரின் சாக்குக்கட்டியை எடுத்தார். முதல் கோட்டில் தலைப்பாகை. இரண்டாவதில் தோள். கை நிற்கவே இல்லை. கூட்டம் வேட்டியை மறந்துவிட்டுக் கழுத்தை நீட்டியது. அரிவாளும் மீசையுமாகக் கணவாய் வீரன் கறுப்புத் துணியிலிருந்து எழுந்து நின்றபோது யாரோ விசிலடித்தார்கள். கடைசியாகக் கீழ் மூலையில் இரண்டு இலை, ஒரு மொட்டு.

அர்த்தநாரி அலமாரியைத் திறந்து பைண்டு புத்தகத்தைக் கொண்டுவந்தார். பொங்கியண்ணன் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். பொன்னெழுத்துப் புத்தகம் எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை சின்னதாக இருந்தது. பைண்டர் ஓரம் சமமாக இருக்கட்டும் என்று வெட்டு மிஷினில் கொடுத்திருந்தார். குருத்து அந்தக் கழிவோடு போய்விட்டது.

"அப்ப நானே அறுத்து எறிஞ்சுட்டனா?" என்றார் அர்த்தநாரி. அவர் குரலில் சண்டையே இல்லை.

நல்ல மனுஷன்தான். கத்தரிக்கோலை எடுத்துத் தையல் நூலைத் தானே நறுக்கினார். பன்னிரண்டாம் பாகத்தைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார். நின்ற இடத்திலேயே பொங்கியண்ணன் படித்தார். ஏசுரத்தினமும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். வில்லன் கயிற்றை வெட்டிவிட்டான். ஆனால் வீரன் பிடியை விடவில்லை. அறுந்த பாலத்தோடு ஊசலாடிப் போய் எதிர்ப் பாறையில் மோதி, அதே பாலத்தை ஏணியாக்கி மேலே வந்துவிட்டான்.

"ஏறிட்டானுங்க!" என்று பொங்கியண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்க் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அன்று சாயங்காலம் கம்பம் நட்டபோது ஏசுரத்தினமும் முன்வரிசையில் நின்றார். மறுநாள் காலை அவர் பையைத் தூக்கியதும் முத்தாத்தாள் வழிமறித்தாள். "கம்பம் நடறப்ப ஊருக்குள்ள நின்னவிய எடுக்கற வரைக்கும் எல்லை தாண்டித் தங்கப்படாதுங்க. அம்மன் கோவிச்சுக்கும்." வெளியூர்க்காரருக்கும் அது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. பேக்டரிக்குத் தந்தி போயிற்று. திருவிழா முடிகிறவரை அவர் எருத்தேன்பதியில் மாட்டு வண்டிக்கெல்லாம் படம் எழுதினார். முத்தாத்தாள் போட்ட கோழிக் குழம்புக்குப் பதிலாகக் கடலைக்காய் கொட்டி வைக்கும் மண் குலுக்கையின்மேல் கணவாய் வீரனை எழுதிவிட்டு ஊர் போனார்.

இப்போது எழுபத்தொன்பதாம் வருஷம். பொங்கியண்ணன் எருத்தேன்பதியில் அதே நாலு ஏக்கரில் கடலைக்காய் போடுகிறார். உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. பன்னிரண்டு புத்தகங்களும் பைண்டு செய்யாமல் அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஏசுரத்தினம் சூரியநெல்லி பேக்டரியில்தான் வேலை பார்க்கிறார். சந்தனத்தின் லாரிக் குதிரைக்குக் கீழே, நட்ட நடுவில், தன் பேரை முழுசாக எழுதியிருக்கிறார்.