பாடகனின் தலைக்கு மேலே

நீளமுடி வைத்த ஹெவி மெட்டல் பாடகனின் டிவி பேட்டியைப் போன வாரம் போனில் போட்டீர்கள், பிள்ளைகளே. சத்தத்தைக் குறையுங்கள் என்று திட்டினேன். அந்தப் பேட்டி நடந்தபோது நான் அவன் தலைக்கு நேர் மேலே குப்புறக் கிடந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிட்டங்கி ஒன்றின் மாடியில்தான் அந்தப் பேட்டியை எடுத்த சின்ன மலையாள சேனல். ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். பொய்க்கூரைக்கு மேலே ஏறி, அடைத்த குழாயைக் குத்திக்கொண்டிருந்தேன். நான் இறங்கிவிட்டதாக நினைத்து யாரோ ஏணியை எடுத்துவிட்டார்கள். கூப்பிட வாயெடுத்தேன், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அது எரிந்தால் நேரலை. கீழே யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

சத்தம் வரும் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தினாலும் தட்டில் தேங்கிய தண்ணீர் அரைமணி நேரம் சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் கீழே பாடகன் வந்து உட்கார்ந்தான். இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று எங்கள் ஏசி கடை முதலாளி முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். உள்ளங்கையைக் குழித்து நீட்டினேன். நிறைய நிறையச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

இருமலைத்தான் சமாளிக்க முடியவில்லை. உத்தரமெல்லாம் சுக்குத் தூசி. தொண்டை எரிந்தது. காலரைக் கடித்துக்கொண்டேன்.

பாடாமல் ஏன் அலறுகிறீர்கள் என்று பேட்டியெடுத்த பெண் கேட்டார். அவன் மெதுவாகத்தான் பேசினான். அப்பாவுக்குக் களமசேரி கம்பெனியில் ராத்திரி ஷிப்டாம். பகலில் அவர் தூங்க வேண்டும், ஒற்றை அறை வீடு. அங்கே யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லையாம். வைப்பின் தீவுக்குப் போகும் படகில், எஞ்சின் சத்தத்துக்குள் ஒளிந்துதான் முதன்முதலாகக் கத்தினானாம்.

"ஒண்ணு அலறிக் காட்டாமோ?" என்றார் அந்தப் பெண்.

அலறினான். கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் நானும் இருமித் தீர்த்தேன். ஆனால் அவன் நிறுத்திய பிறகும் ஓர் இருமல் பாக்கியிருந்தது. தனியாகக் கேட்டது.

அந்தப் பெண் மேலே பார்த்தார். வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது நம்ம டிரம்மராக்கும் சேச்சி," என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். பேட்டி தொடர்ந்தது.

விளக்கு அணைந்ததும் அவனே ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டான். என் நனைந்த சட்டையைப் பார்த்தான்.

"ரெண்டு துளி தலைல விழுந்தது சேட்டா. மூணாவது வரலை. அப்பவே மேல ஆளிருக்குன்னு தெரிஞ்சுது."

முதலாளிக்குப் புகார் எதுவும் போகவில்லை.

அந்த அலறல் முடிகிற இடத்தை இன்னொரு தடவை போடுங்கள். சத்தமாகவே வையுங்கள். உங்கள் அப்பா இருமுவது கேட்கும்.