பட்டருக்குப் பிடித்த சண்டை

பிலிமத்தலாவை வீட்டில் நான் கண்விழிக்கும்போது முதலில் காதில் விழுவது பிரிட்ஜின் கதவு சாத்தப்படும் சத்தம்தான். கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால்தான் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். சாத்துவது மதினி என்றும், உள்ளே போனது பட்டர்க் கிண்ணம் என்றும் படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். சற்று நேரத்தில் அதே கதவு சத்தமில்லாமல் திறக்கும். அது அண்ணன். கிண்ணம் மறுபடி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மதினியின் குரல் எழும். “இஞ்சருங்கோ, திரும்பவும் வெளியில எடுத்து வைச்சுட்டீங்களோ?”

அண்ணனும் நானும் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். மதினி யாழ்ப்பாணத்துப் பெண். எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கு முதல் நியமனத்தில் வந்த டீச்சர். கண்டியிலிருந்து டீச்சர்மாரை ஏற்றி இறக்கிய வேனை ஓட்டியது அண்ணன். அந்த மலைப்பாதையில், பனிமூட்டத்தில் ஊர்ந்துபோகும் வேனுக்குள் அவர்களுக்குள் எப்படியோ பேச்சு வளர்ந்துவிட்டது. தோட்டத்துப் பையன், அதிலும் டிரைவர் என்று தெரிந்ததும் மதினியின் வீட்டில் கதவை அடைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கண்டியில் பதிவு செய்து, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பிலிமத்தலாவையில் மெயின் ரோட்டுக்கு மேலே மேட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். மதினிக்குப் பேராதனைப் பக்கம் மாற்றல் கிடைத்தது. எனக்குக் கண்டியில் ஒரு புத்தகக் கடையில் வேலை கிடைத்தபோது அவர்களோடு போய்த் தங்கினேன். கல்யாணமாகிக் கடுகண்ணாவைக்குப் போகும்வரை அதுதான் என் வீடு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளையைப் போல என்னைப் பார்த்துக்கொண்டார்கள். பட்டர்ச் சண்டையில் மட்டும் என்னை நீதிபதி ஆக்கிவிடுவார்கள்.

அண்ணனுக்கு விடியற்காலை வேன் ஓட்டம் முடிந்து வரும்போது பேக்கரியில் சுடச்சுடப் பாண் வாங்கி வருவது வழக்கம். பிரிட்ஜிலிருந்து எடுத்த பட்டரைப் பூசினால் பாணின் நடுப்பகுதி பிய்ந்துகொண்டு கத்தியோடு வரும். பிய்ந்த துண்டைத் தூக்கிக் காட்டி, “பாரு தங்கச்சி, பாணுக்குப் பட்டரு பூசுறேனா, சுவத்துக்குச் சீமெந்து பூசுறேனா?” என்பார். மதினி விடமாட்டார். “வெளியில கிடந்தா பழுதாப் போகுமெல்லோ. நீரே சொல்லும் தங்கச்சி.” அதற்கு அண்ணன், “இது என்னா யாழ்ப்பாணமா, உருகி ஓடுறதுக்கு? கண்டி. இங்க பட்டரு சும்மா நிக்கும்” என்பார்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. மார்கழி, தை மாதங்களில் அந்த வீட்டுக்குள் வீசும் குளிருக்குப் பட்டர் அசையாமல் நிற்கும். கத்தி பட்டால் வழுக்கிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் அண்ணன் வெற்றிவீரர் மாதிரி நடந்துகொள்வார். சித்திரை வந்தால் ஆட்டம் மாறும். கிண்ணத்தின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, மேற்பரப்பு கடும் மஞ்சளாகி, ஒரு புளித்த வாடை கிளம்பும். மதினி கிண்ணத்தை நேரே அண்ணனின் மூக்கடிக்குக் கொண்டுபோய், “இப்ப மணந்து பாருங்கோ” என்பார். தேவையான அளவை மட்டும் வெட்டி வெளியே வைத்துவிட்டு மீதியை உள்ளே வைக்கலாமே என்று ஒரு நாள் தீர்ப்புச் சொன்னேன். இருவரும் என்னை வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பிடிவாதங்கள் எங்கிருந்து வந்தன என்பது, நாட்டில் சாமான் தட்டுப்பாடு வந்து, நாளுக்குப் பல தடவை கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பட்டர் கடைகளில் கண்ணுக்கே தெரியவில்லை. பிரிட்ஜ் வெறும் அலுமாரி மாதிரி நின்றது. நான் அப்போது கல்யாணமாகிப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பார்க்கப் போனபோது மூவரும் வெளி வாசலில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மதினி தன் சிறுவயதைச் சொன்னார். யுத்தத்துக்குள் வளர்ந்தவர், கரண்ட் என்றால் என்னவென்று தெரியாத வருடங்கள் அவை. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த சின்னப் பட்டர்ப் பக்கெட் ஒன்றை அவருடைய அப்பா பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வெயிலில் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் முழுவதும் உருகிப் பேப்பருக்குள் ஊறிவிட்டது. அம்மா அந்தப் பேப்பரைப் பாணின் மேல் அழுத்தி அழுத்திப் பிழிந்து கொடுத்தாராம். “பேப்பர் எழுத்தெல்லாம் பாணில ஒட்டியிருந்தது. அதையும் சாப்பிட்டனாங்கள். எனக்கெண்டு ஒரு வீடு வந்தா முதல் சாமான் பிரிட்ஜ்தான் எண்டு அண்டைக்கே நினைச்சனான்.”

பிறகு அண்ணன் தன் கதையைச் சொன்னார். லயத்தில் எங்களுக்குப் பாணோடு சீனியும் பிளேன்டீயும்தான். கண்டிக்கு வேலை தேடி வந்த முதல் நாள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், மேசை மேல் ஒரு பட்டர் டின் திறந்தபடி இருந்திருக்கிறது. கத்தி அதிலேயே குத்தி நின்றது. கடைக்காரர் யார் எவர் என்று பார்க்காமல் மெத்தென்ற பணிஸ் ரொட்டியைப் பிளந்து பூசிக் கொடுத்தாராம். “தோட்டத்துல நல்ல சாமானெல்லாம் தொரை பங்களாவுல பூட்டிக் கெடக்கும். அது எல்லாரும் பாக்குற மாதிரி வெளிய இருந்துச்சு. உள்ள வச்சுப் பூட்டுனா நம்மளுக்கு இல்லாத சாமான் மாதிரி இருக்குது.” மதினி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தனை வருடச் சண்டையில் அதை அண்ணன் ஒருமுறையும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த தடவை பட்டர் கிடைத்ததும் சண்டை வழமைபோலத் தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

அதற்கு அடுத்த வருடம் அண்ணனின் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. முதலில் சூட்டுப் புண் என்றார். உறைப்பைக் குறைத்தார். பிறகு உறைப்பையே விட்டார். பல் வலிக்கிறது என்று காட்டப் போன இடத்தில் பல் டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். சதையில் சிறிது வெட்டி எடுத்துச் சோதித்த பிறகு அங்கே கேட்ட முதல் கேள்வி, “பாக்குப் போடுவீங்களா?” என்பது.

போடுவார். எங்கள் தோட்டத்தில் போடாதவர்கள் யார்? விடியற்காலை ஓட்டத்தில் தூக்கம் வராமலிருக்க, பெட்டிக்கடையில் தொங்கும் பாக்குத்தூள் பக்கெட்டுகளைக் கிழித்துக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். மதினி துணி துவைக்கும்போது அவற்றை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைப்பார். சட்டை காய்ந்ததும் அண்ணன் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதைப் பற்றி அந்த வீட்டில் ஒரு சொல் எழுந்து நான் கேட்டதில்லை.

நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை. கழுத்துத் தோல் கருகி, வாய்க்குள் முழுவதும் வெந்து, எச்சில் வற்றி, அண்ணன் பாதி ஆளாக வீட்டுக்கு வந்தார். பேச்சு குழறியது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும். நான் கணவரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சக் காலம் அவர்களோடு போய் இருந்தேன்.

முதல் நாள் காலை, வீட்டில் பிரிட்ஜ் கதவின் சத்தம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். பட்டர்க் கிண்ணம் மேசையில் இருந்தது. முந்தின இரவே எடுத்து வைத்திருக்கவேண்டும். பஞ்சுபோல இளகி இருந்தது. வைத்தது மதினி. பாணின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, இளஞ்சூட்டுப் பாலில் நனைத்து, அதில் அந்தப் பட்டரைக் குழைத்துச் சின்னக் கரண்டியால் அண்ணனுக்கு ஊட்டினார். “பாருங்கோ, உங்கட விருப்பப்படி மெதுவா இருக்கு” என்றார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. மதினிக்கும் கண் கலங்கியது. சேலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி ஊட்டினார். அதையும் அண்ணன் விழுங்கினார். மூன்றாவதற்குக் கையைத் தூக்கித் தடுத்தார்.

“உப்பு,” என்றார், ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி. “எரியுது.”

மதினி கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். கடையில் கிடைப்பது உப்புப் போட்ட பட்டர். வெந்த வாய்க்குள் அது எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துவிட்டோம். மதினி அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே கண்டிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, உப்பில்லாத பட்டர் தேடினார். கேக் சாமான் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. உப்பில்லாதது வெளியே தாங்காது, குளிரிலேயே வைத்திருக்கவேண்டும் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாராம். வீட்டுக்கு வந்து அதைப் பிரிட்ஜுக்குள் வைத்தபோது மதினியின் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அதிலிருந்து நகம் அளவுக்கு ஒரு சீவல் எடுத்து அண்ணனின் நாக்கில் வைத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல வேண்டியதில்லை, விழுங்கவும் வேண்டியதில்லை. அது தானாகக் கரைந்து இறங்கியது. அந்தக் குளிர்ச்சி புண்ணுக்கு இதமாக இருந்திருக்கவேண்டும். பல வாரங்களுக்குப் பிறகு அவர் நெற்றிச் சுருக்கம் தளர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னொன்று என்று விரலைக் காட்டினார். இரண்டாவதும் கரைந்த பிறகு குழறிக்குழறிச் சொன்னார். “நீ சொன்னதுதான் சரி. பிரிட்ஜுலதான் வைக்கணும்.”

அண்ணன் அதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னார். மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “வேண்டாமப்பா. நான் சொன்னது பிழையாவே இருக்கட்டும். நீங்கள் வெளியிலயே வையுங்கோ. ஒவ்வொரு நாளும் வையுங்கோ.” அவர் வாய்விட்டு அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அண்ணனால் குனிய முடியவில்லை. கையை நீட்டி அவர் தலையில் வைத்திருந்தார்.

கடைசி இரண்டு மாதங்கள் அந்தப் பட்டர்ச் சீவல்கள்தான் அவர் விரும்பிக் கேட்ட ஒரே சாப்பாடு. நோய் கழுத்துக்கு இறங்கிய பிறகு அதையும் கேட்கவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பகலில், மதினியும் நானும் பக்கத்தில் இருக்க அடங்கிப் போனார். சடங்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மதினியின் தம்பி வந்திருந்தார். அத்தனை வருடங்களில் அந்தப் பக்கத்திலிருந்து அந்த வீட்டுப் படியேறிய முதல் ஆள். எல்லாம் முடிந்ததும், “அக்கா, வீட்டுக்கு வாங்கோ” என்று கூப்பிட்டார். மதினி போகவில்லை. “நீ இப்ப வாறதுக்கு அப்பவே வந்திருக்கலாம்” என்றார். தம்பி தலைகுனிந்தபடி பஸ் ஏறினார்.

அன்றைக்குப் பின்னேரம் அண்ணனின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது மதினி என்னிடம் சொன்னார். “ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அந்தப் பட்டருக்குச் சண்டை பிடிச்சனான், தங்கச்சி. அதில பாதியை அந்தப் பாக்குக்குப் பிடிச்சிருந்தா மனிசன் இருந்திருக்கும். அதை எடுத்து ஜன்னலில வைச்சது என்ர கைதான்.” யாருக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கேட்ட அந்த முதல் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த சட்டையை எடுத்து மடித்தேன்.

இப்போது மதினி தனியாகத்தான் அந்த வீட்டில் இருக்கிறார். பட்டர் வாங்குவதில்லை. பாணும் அபூர்வம். ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. முன்பு அதிர்ந்து பேசாத டீச்சர் இப்போது பாடசாலைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைகளுக்கெல்லாம் போய்ச் சண்டை பிடிக்கிறார். தொங்கும் பாக்குப் பக்கெட் சரங்களை அறுத்து எறிந்து பொலிஸ்வரைக்கும் போன சம்பவம் ஒன்றும் நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பன்மாரின் கன்னம் உப்பியிருந்தால் வாசலிலேயே நிறுத்தித் துப்பச் சொல்கிறார். புருஷன் போனதிலிருந்து டீச்சருக்கு ஒரு மாதிரி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் காதுபடவே சொன்னார்கள்.

போன மாதம் மதினி வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அவரோடு டீச்சர்மார் போகும் வேனில் ஏறினேன். மதினியைப் பேராதனையில் இறக்கிவிட்டு வேன் கண்டிவரை போகும். புது டிரைவர்; எங்கள் ஆள்தான், தோட்டத்திலிருந்து வந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கன்னத்துக்குள் ஏதோ அடக்கியிருந்தார். மதினி கதவைச் சாத்தவிடவில்லை. “முதல்ல அதைத் துப்பும். பிறகு வேனை எடும்.” டிரைவர் கண்ணாடியில் மற்ற டீச்சர்மாரைப் பார்த்துச் சிரித்தார். “என்னாங்க டீச்சர், தூக்கம் வருதுங்க.” மதினி அசையவில்லை. கடைசியில் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே துப்பினார். பேராதனைவரைக்கும் நல்லபடியாகப் பேசிக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மதினியிடம் ஆலோசனைகூடக் கேட்டார்.

மதினி இறங்கிப் பாடசாலைப் பக்கம் நடந்தார். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. வேன் வளைவு தாண்டியதும் டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, ஒரு பக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தார். “வேணாமே, தம்பி” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.